ஆகஸ்டில் விதை தேடுகிறவர்களுக்கு: அமெரிக்காவில் இலையுதிர்காலத் தோட்டம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் வீட்டுத் தோட்டம் போடும் தமிழர்களிடம் ஜூலைக் கடைசி தொடங்கி அக்டோபர் வரை ஒரே புலம்பல்தான் கேட்கிறது: "மண் தயாராக இருக்கிறது, விதைதான் கிடைக்கவில்லை." டெக்சாஸ், ஜார்ஜியா, கரோலினாக்கள் பக்கம் இருப்பவர்களுக்கு இலையுதிர்காலம் இரண்டாம்பட்சமான பருவமே அல்ல, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், கொத்தமல்லி, முள்ளங்கி எல்லாம் வசந்தத்தைவிட அப்போதுதான் நன்றாக வருகின்றன. அந்தப் பருவத்தைக் கடைகளின் பழக்கத்துக்காக இழக்க வேண்டியதில்லை. வழக்கமாக வரும் கேள்விகளையும் அவற்றுக்கான பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

ஆகஸ்டில் கடைக்குப் போனால் விதை அடுக்கே காணவில்லை. எங்கே போயிற்று?

பல கடைகளில் அந்த விதை அடுக்கு கடைக்காரருடையது அன்று. விதை நிறுவனம் ஜனவரி, பிப்ரவரியில் கொண்டுவந்து நிறுத்துகிறது. விற்றதுக்குப் பணம் பெற்றுக்கொண்டு, விற்காததைக் கோடையின் நடுவில் திரும்ப எடுத்துச் செல்கிறது. பாக்கெட்டின் பின்புறம் பாருங்கள், எந்த ஆண்டுக்காகப் பொதியப்பட்டது என்று அச்சடித்திருக்கும். நிறுவனத்தின் கணக்கில் அந்த ஆண்டு என்பது வசந்தகால விற்பனையோடு முடிந்துவிடுகிறது. காலியான இடத்தில் சாமந்தித் தொட்டிகளும் பரங்கிக்காய்களும் ஹாலோவீன் பொம்மைகளும் வந்து உட்கார்ந்துகொள்கின்றன.

இதில் எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டு. ஹூஸ்டனில் ஒருவர் ஆகஸ்டில் காலிஃபிளவர் விதைக்க வேண்டும். அதே மாதத்தில் அவர் ஊர்க் கடை, மினசோட்டாக் கடையைப் போலவே அடுக்கை அகற்றிவிடுகிறது. நாடு முழுவதற்கும் ஒரே விற்பனை அட்டவணை. மண்ணுக்கு அப்படி ஒரே அட்டவணை கிடையாது.

அப்படியானால் இலையுதிர்கால விதையை எப்போது வாங்குவது?

ஜனவரியில், வசந்தத்துக்கு வாங்கும்போதே. தக்காளி, கத்தரி, வெண்டையோடு சேர்த்து ப்ரோக்கோலி, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், நூல்கோல், முள்ளங்கி, பீட்ரூட், கேரட், டர்னிப், பசலை, லெட்டூஸ் எல்லாவற்றையும் அப்போதே எடுத்து வைத்துவிடுங்கள். ஆறு, ஏழு மாதம் வீட்டில் இருப்பதால் இவற்றில் எதுவும் கெட்டுப்போகாது. வெங்காய விதைதான் சீக்கிரம் வலுவிழக்கும். அதுவும் அந்த ஆண்டைத் தாங்கும்.

ஜனவரி கைவிட்டுப் போயிருந்தால் ஜூனில் தபால்வழி விதை நிறுவனங்களிடம் ஆர்டர் செய்யுங்கள். அவர்கள் ஆண்டு முழுவதும் விற்கிறார்கள். ஆனால் நன்றாகப் போகும் ரகங்கள் ஜூலைக்குள் தீர்ந்துவிடுவது வழக்கம். 2020இல் என்ன நடந்தது என்பது பலருக்கும் நினைவிருக்கும். கொரோனா ஊரடங்கு தொடங்கிய மார்ச்சில் விதைக்கு அலைமோதிய கூட்டத்தைச் சமாளிக்க முடியாமல் பல நிறுவனங்கள் புதிய ஆர்டர்களைச் சில நாட்களுக்கு நிறுத்தி வைத்தன. 1876இல் தொடங்கிய பர்ப்பி நிறுவனம், தன் 144 ஆண்டு வரலாற்றில் அந்த மாதத்தில்தான் மிக அதிகமாக விதை விற்றதாக அறிவித்தது. அந்த நெருக்கடி தணிந்துவிட்டது. விதை விளைந்து வர ஒரு முழுப் பருவம் வேண்டும் என்பதும், தீர்ந்த ரகம் அடுத்த அறுவடைக்குப் பிறகுதான் வரும் என்பதும் இன்றைக்கும் மாறவில்லை.

கடை, தபால் தவிர வேறு வழி?

இரண்டு இடங்களைச் சொல்கிறேன். ஒன்று, பொது நூலகம். அமெரிக்காவில் பல ஊர் நூலகங்கள் விதை நூலகமும் நடத்துகின்றன. பழைய புத்தக அட்டை இழுப்பறைகளில் சிறு உறைகளாக விதை அடுக்கியிருப்பார்கள், இலவசமாக எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, நம்மவர்கள் எட்டிப் பார்க்காத கால்நடைத் தீவனக் கடை. தென் மாநிலங்களில் நகரத்தைத் தாண்டினால் இவை உண்டு. கோழித் தீவன மூட்டைக்கும் வேலிக் கம்பிக்கும் நடுவில், டர்னிப், காலர்ட், கடுகுக் கீரை விதைகளை டப்பாக்களில் கொட்டி வைத்து அவுன்ஸ் கணக்கில் நிறுத்துக் கொடுப்பார்கள். இலையுதிர்காலம்தான் அவர்களுக்கு இவ்வகை விதைகள் நன்றாகப் போகும் நேரம். பளபளப்பான பாக்கெட்டில் சிட்டிகையளவு கிடைக்கும் விலைக்கு இங்கே ஒரு கைப்பிடி கிடைக்கும். ஒரே எச்சரிக்கை: இளஞ்சிவப்பு, பச்சை என்று விதை சாயம் பூசியது போல இருந்தால் அது மருந்து தடவிய விதை. விதைக்கலாம், முளைகட்டிச் சாப்பிடக் கூடாது.

எந்தத் தேதியில் விதைப்பது என்று எப்படிக் கணக்கிடுவது?

உங்கள் ஊரில் முதல் உறைபனி சராசரியாக எந்தத் தேதியில் விழுகிறது என்று தெரிந்துகொள்ளுங்கள். அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். விளைச்சலுக்கு எத்தனை நாள் ஆகும் என்று பாக்கெட்டில் போட்டிருக்கும் எண்ணோடு இரண்டு வாரம் கூட்டிக்கொள்ளுங்கள். செப்டம்பருக்குப் பிறகு பகல் சுருங்குவதால் செடி மெதுவாகத்தான் வளரும். பாக்கெட்டில் உள்ள கணக்கு பெரும்பாலும் வசந்தகாலத்துக்கானது.

முதல் உறைபனி நவம்பர் 1 என்று வைத்துக்கொள்வோம். ப்ரோக்கோலிக்கு நாற்று நட்டதிலிருந்து 60 நாள், கூடுதலாக 14 நாள், ஆக 74 நாள். பின்னோக்கி எண்ணினால் ஆகஸ்ட் 19. அன்றைக்கு நடவேண்டிய நாற்று ஐந்து வார வயதுடையதாக இருக்க, ஜூலை நடுவில் விதை போட்டிருக்க வேண்டும். எல்லாரும் தக்காளி பறித்துக்கொண்டிருக்கும் ஜூலையில்! கடை அடுக்குகள் மறையும் நேரமும் சரியாக இதுதான். இந்தத் தேதி மோதல்தான் இந்தப் புலம்பல் முழுவதற்கும் மூலகாரணம்.

ப்ரோக்கோலி, முட்டைக்கோஸ் எல்லாம் இலேசான உறைபனியைத் தாங்கும் என்பதால் ஒரு வாரம் முன்பின் ஆனாலும் பாதகமில்லை. முள்ளங்கிக்கு அவ்வளவு முன்யோசனை தேவையில்லை. அதே ஊரில் செப்டம்பர் 20 வாக்கில் விதைத்தாலும் நிம்மதியாகக் கிடைக்கும்.

நம் நாட்காட்டி வீட்டுச் சுவரில் தொங்கினால் ஒரு வசதி உண்டு. ஆடி மாதம் ஜூலை நடுவில் பிறந்து ஆகஸ்ட் நடுவில் முடிகிறது. "ஆடிப் பட்டம் தேடி விதை" என்று ஊரில் சொன்னது வேறு மழைக்காக. ஆனால் கரோலினாவிலும் வட டெக்சாஸிலும் கோஸ் வகை (முட்டைக்கோஸ், காலிஃபிளவர், ப்ரோக்கோலி) நாற்றுக்கு விதை போடும் காலம் ஏறக்குறைய அதே ஆடிதான்.

என் பகுதியின் தட்பவெப்ப மண்டல எண் தெரியும். அது போதாதா?

போதாது. அந்த எண்களைக் காட்டும், அமெரிக்க வேளாண் துறை 2023இல் புதுப்பித்த வரைபடம், குளிர்காலத்தில் உங்கள் இடம் எவ்வளவு கடுங்குளிருக்குப் போகும் என்பதை மட்டுமே சொல்கிறது. பல ஆண்டு வாழும் செடிக்கும் மரத்துக்கும் அது உதவும். உறைபனி எப்போது வரும், கோடை எவ்வளவு சுடும் என்பதற்கு அதில் பதில் இல்லை. வட டெக்சாஸும் மேற்கு வாஷிங்டனின் பல பகுதிகளும் ஒரே எண்ணில் வருகின்றன. ஆகஸ்டில் இந்த இரண்டு இடத்திலும் நின்று பார்த்தவர்கள் ஒரே விதை அட்டவணையைக் கையில் எடுக்க மாட்டார்கள்.

உங்கள் மாவட்டத்தின் வேளாண் விரிவாக்க அலுவலகம் வெளியிடும் நடவு அட்டவணையை எடுங்கள். 1914ஆம் ஆண்டின் சட்டத்தால் நாடு முழுவதும் பல்கலைக்கழகங்களோடு இணைத்து உருவாக்கப்பட்ட அமைப்பு அது. டெக்சாஸ் ஏ அண்ட் எம், வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் போன்றவை மாவட்டவாரியாக இலவசமாகவே தருகின்றன.

விதை வேண்டாம், நாற்றாகவே வாங்கலாம் என்றால் அதுவும் இல்லையே?

நாற்று ஆயத்தப் பொருள் அல்லவே. நீங்கள் கடையில் பார்ப்பதற்கு ஐந்தாறு வாரம் முன்பே பண்ணையில் விதை போட்டிருக்க வேண்டும். விற்பனை பெரும்பாலும் வசந்தத்தில் என்பதால் பண்ணைக்காரர்கள் இலையுதிர்காலத்துக்குத் துணிந்து அதிகம் போடுவதில்லை. போட்டாலும் ஜூலை வெயிலில் குளிர்காலப் பயிரின் நாற்றைக் காப்பாற்றுவது பெரும்பாடு. அதனால் தெற்கே ஓரளவு வரும். வடக்கே ஊருக்கு ஒன்றிரண்டு நர்சரியில் வந்தால் அதிர்ஷ்டம்.

தொடர் கடைகளைவிடத் தனியார் நர்சரிகளை நம்புங்கள். முன்கூட்டியே தொலைபேசியில் கூப்பிட்டு, "கோஸ், காலிஃபிளவர் நாற்று எந்த வாரம் வரும், லாரி என்றைக்கு வரும்?" என்று கேளுங்கள். சரக்கு இறங்கும் நாளில் போகிறவருக்குக் கிடைப்பதும் மூன்று நாள் கழித்துப் போகிறவருக்குக் கிடைப்பதும் ஒன்றல்ல. பல மாவட்டங்களில் மாஸ்டர் கார்டனர் எனப்படும் தன்னார்வத் தோட்டக்காரர்கள் செப்டம்பர், அக்டோபரில் நாற்றுச் சந்தை நடத்துகிறார்கள். உள்ளூருக்கு ஏற்ற ரகத்தைத்தான் வளர்த்து வைத்திருப்பார்கள், விலையும் நியாயம். உழவர் சந்தையில் கீரை விற்கும் விவசாயியிடமும் கேட்டுப் பாருங்கள். தனக்குப் போக மிஞ்சிய நாற்றைப் பலர் மகிழ்ச்சியோடு தருகிறார்கள்.

கிடைத்த நாற்று நல்ல நாற்றுதானா என்று எப்படிப் பார்ப்பது?

தொட்டியைக் கவிழ்த்து, தண்டை இரு விரலிடுக்கில் பிடித்து, மண்ணோடு மெதுவாக வெளியே எடுங்கள். வெள்ளை வேர் மண்ணைப் பற்றியிருந்தால் நல்லது. வேர் பழுப்பேறி, தொட்டியின் வடிவத்திலேயே கயிறு சுற்றியது போல வளைந்து வளைந்து கிடந்தால் அந்த நாற்று காத்திருந்து காத்திருந்து களைத்துவிட்டது என்று பொருள். அப்படிப்பட்ட ப்ரோக்கோலியும் காலிஃபிளவரும் நட்டதும் பயந்துபோய்ப் பொத்தான் அளவுக்குப் பூ விட்டுவிடும். பிறகு எவ்வளவு உரம் போட்டாலும் பெரிதாகாது. உயரமான நாற்றைவிட நாலைந்து இலையோடு குட்டையாகத் தண்டு தடித்த நாற்றே மேல்.

அடுத்து இலையைத் திருப்பிப் பாருங்கள். அடிப்புறத்தில் மஞ்சளாக, நெட்டுக்குத்தாக, தனித்தனியாக ஒட்டியிருக்கும் சிறு புள்ளிகள் வெள்ளைப் பட்டாம்பூச்சியின் முட்டைகள். ஒரு வாரத்துக்குள் பச்சைப் புழுவாகி இலையைச் சல்லடையாக்கிவிடும். விரலால் நசுக்கிவிட்டு வாங்கலாம். இதற்காக நாற்றை ஒதுக்க வேண்டியதில்லை. வீட்டுக்கு வந்ததும் மெல்லிய வலை போட்டு மூடிவிடுங்கள்.

மளிகைக் கடையில் வாங்கும் தனியா, வெந்தயம், கடுகு முளைக்குமா?

பெரும்பாலும் முளைக்கும். விதைத் தட்டுப்பாட்டுக்கு நம்மிடம் இருக்கும் மிக நல்ல பதில் இந்தியக் கடைதான் என்பேன். ஒரு பாக்கெட் வெந்தயத்தின் விலையில் நாலு பாத்திக்கு விதை கிடைக்கிறது.

வெந்தயத்தை இரவு ஊறவைத்து விதையுங்கள். நாலைந்து நாளில் முளைத்து, நான்கு வாரத்தில் கிள்ளத் தயாராகிவிடும். தனியாவை உள்ளங்கையில் வைத்து இலேசாக அழுத்தித் தேயுங்கள். ஒவ்வொரு உருண்டைக்குள்ளும் இரண்டு விதை இருக்கிறது, அது பிளந்தால் போதும், நொறுங்கக் கூடாது. அதையும் இரவு ஊறவைத்து விதைத்தால் பத்து நாள், இரண்டு வாரத்தில் தலை காட்டும். அமெரிக்க வசந்தத்தில் கொத்தமல்லி போட்டவர்களுக்குத் தெரியும்: மே மாதச் சூடு பட்டதும் பூத்துவிடுகிறது. செப்டம்பர் கடைசியில் விதைத்த கொத்தமல்லி மாதக்கணக்கில் இலை தருகிறது. உறைபனி இலேசாக விழுந்தாலும் மறுநாள் நிமிர்ந்து நிற்கிறது. கடுகை நெருக்கமாகத் தூவிக் கீரையாகப் பறிக்கலாம். முழுப் பட்டாணியைப் போட்டால் கொழுந்து கிடைக்கும்.

ஒரு சிக்கல் உண்டு. இறக்குமதியாகும் மசாலாப் பொருட்கள் சிலவற்றைக் கிருமி நீக்க நீராவியிலோ கதிர்வீச்சிலோ பதப்படுத்துகிறார்கள். அவை முளைக்காது. ஆகவே பாத்தி முழுவதும் தூவுவதற்கு முன் ஈரத்துணியில் கொஞ்சம் முடிந்து வைத்துச் சோதியுங்கள்.

பூண்டு?

விதைப் பூண்டு விற்பவர்கள் செப்டம்பர், அக்டோபரில்தான் அனுப்புகிறார்கள். ஆனால் ஆர்டர் கோடையிலேயே நிரம்பிவிடுகிறது. ஜூனில் பணம் கட்டி வையுங்கள். குளிர் மிகுந்த இடத்துக்குக் கெட்டித் தண்டு (ஹார்ட்நெக்) ரகம், ஹூஸ்டன் போன்ற வெப்பமான இடத்துக்கு மென்தண்டு (சாஃப்ட்நெக்) ரகம். அக்டோபரில் பல் பல்லாக, இரண்டு அங்குல ஆழத்தில் நட்டால் அடுத்த ஜூனில் தோண்டலாம். கிடைக்காவிட்டால் உழவர் சந்தையில் உள்ளூர்ப் பூண்டு வாங்கி நடுங்கள்.

விதை கிடைத்துவிட்டது. ஆனால் முளைக்கவே இல்லை. பழைய விதையா?

விதையைக் குறை சொல்வதற்கு முன் வெயிலைப் பாருங்கள். லெட்டூஸ் விதை, மண் 80, 85 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டினால் உறங்கிவிடும். விதை நல்லதாகவே இருந்தாலும் முளைக்காது. பசலையும் அப்படியே. ஆகஸ்ட் மண்ணில் இவற்றைத் தூவி ஏமாந்து, இரண்டாம் பாக்கெட் தேடி அலைகிறவர்கள் ஏராளம்.

ஈரமான காகிதத் துண்டில் பசலை விதையை மடித்து, ஒரு பையில் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் ஒரு வாரம் வையுங்கள். வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும், மாலை நேரத்தில், நீர் விட்டுக் குளிர்வித்த மண்ணில் விதைத்துவிட்டு நிழல்வலை போடுங்கள். லெட்டூஸை வீட்டுக்குள் குளிர்ந்த அறையில் நாற்றாக வளர்த்துப் பிறகு நடுவது மேல். கேரட்டுக்குச் சூட்டைவிடக் காய்தல்தான் எதிரி. விதைத்த வரிசையின் மேல் ஒரு பலகையைப் போட்டு வைத்து, ஐந்தாம் நாளிலிருந்து தினமும் தூக்கிப் பாருங்கள். முளை தெரிந்ததும் எடுத்துவிடுங்கள்.

போன ஆண்டு மீந்த பாக்கெட்டுகளைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக. வெங்காயம் ஓராண்டு, பசலை இரண்டு மூன்று, கேரட் மூன்று, பீட்ரூட் நான்கு, கோஸ் வகைகளும் முள்ளங்கியும் நான்கைந்து ஆண்டு தாங்கும். சந்தேகமாக இருந்தால் பத்து விதையை ஈரக் காகிதத்தில் வைத்துப் பாருங்கள். ஏழு முளைத்தால் வழக்கம் போல விதைக்கலாம். நாலு முளைத்தால் இருமடங்கு நெருக்கமாகத் தூவுங்கள். ஒன்றிரண்டுதான் என்றால் விட்டுவிடுங்கள்.

விதையைக் கெடுப்பவை ஈரமும் சூடும். ஃபாரன்ஹீட் வெப்பநிலையையும் காற்றின் ஈரப்பத சதவீதத்தையும் கூட்டினால் 100க்குக் கீழே இருக்க வேண்டும் என்பது விதைச் சேமிப்பில் நெடுங்காலமாகப் பின்பற்றப்படும் விதி. ஜூலையில் காருக்கு அருகே கராஜில் வைத்த பாக்கெட் எவ்வளவு கஷ்டப்படும் என்று இந்தக் கணக்கே சொல்லும். மூடி இறுக்கமான கண்ணாடிப் புட்டியில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பை ஒன்றோடு போட்டுக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். வெளியே எடுத்தால் புட்டி அறையின் சூட்டுக்கு வந்த பிறகே திறக்க வேண்டும். இல்லாவிட்டால் விதை வியர்க்கும்.

ஊரிலிருந்து அம்மா விதை அனுப்பினால் போதாதா?

ஆசை புரிகிறது. ஆனால் விதைக்கும் நோக்கத்தோடு அமெரிக்காவுக்குள் வரும் விதைக்கு ஏற்றுமதி நாட்டின் தாவரநலச் சான்றிதழ் வேண்டும். சிறு அளவு விதைகளுக்கு வேளாண் துறையிடம் முன்கூட்டியே பெறும் தனி அனுமதி முறையும் உண்டு. பெட்டியில் துணிகளுக்கு நடுவே சுருட்டிக் கொண்டுவருவதும், அறிவிக்காமல் தபாலில் அனுப்புவதும் வேண்டாம்; அபராதம் விழலாம். அதைவிட முக்கியம், நோயும் பூச்சியும் விதையோடு பயணம் செய்யும் என்பது. 2020 கோடையில் கேட்காத விதைப் பொட்டலங்கள் அயல்நாட்டிலிருந்து அமெரிக்க வீடுகளுக்குத் தபாலில் வந்தபோது, அவற்றை நட வேண்டாம் என்று வேளாண் துறை நாடு முழுவதும் எச்சரித்ததும் இதனால்தான்.

ஊர் அவரை செழித்து வளர்கிறது, செப்டம்பர் வரை ஒரு பூகூட இல்லை. விதை சரியில்லையா?

விதை சரிதான். பகல்தான் நீளம். நம் கொடி அவரையில் பல ரகங்கள் பகல் சுருங்கினால்தான் பூக்கும். ஊரில் கார்த்திகை, மார்கழியில் காய்த்துக் குலுங்கும் கொடி அது. நியூ ஜெர்சியில் கோடைப் பகல் மிக நீண்டது. செப்டம்பரில்தான் கொடிக்குச் சேதி எட்டுகிறது. பூ விட்டுப் பிஞ்சு பிடிக்கும்போது அக்டோபர் உறைபனி வந்து ஒரே இரவில் கருக்கிவிடும். ஹூஸ்டனிலும் ஃப்ளோரிடாவிலும் உறைபனி தாமதம் என்பதால் அங்கே இருப்பவர்களுக்கு அதே கொடி நன்றாகக் காய்க்கிறது.

வடக்கே இருப்பவர்கள் பகல் நீளத்தைப் பொருட்படுத்தாத செடி அவரை ரகங்களைத் தேடுங்கள். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் வெளியிட்ட செடி அவரைகள் அப்படிப்பட்டவை. அமெரிக்காவிலேயே பல ஆண்டுகளாக விதை எடுத்துவரும் தமிழ்க் குடும்பத்திடம், "உங்கள் அவரை எந்த மாதம் பூக்கிறது?" என்று கேட்டு ஜூலை, ஆகஸ்ட் என்று பதில் வந்தால் அந்த விதையை வாங்கிவிடுங்கள். அது பாக்கெட்டில் கிடைக்காத பொருள்.

பூச்செடி, பழமரம்?

இதில் மட்டும் கடையின் அவசரம் நமக்கு லாபம். செப்டம்பர், அக்டோபரில் பல்லாண்டுச் செடிகளையும் மரக்கன்றுகளையும் பாதி விலைக்குத் தள்ளிவிடுகிறார்கள். இலை வாடியிருந்தாலும் வேர் நன்றாக இருந்தால் எடுங்கள். குளிர்ந்த காற்றும் சூடான மண்ணும் சேர்ந்திருக்கும் இந்தக் காலத்தில் வேர் நன்றாக ஓடும். டூலிப், டாஃபடில் கிழங்குகள் செப்டம்பரில் வரும்போதே வாங்கிவிடுங்கள்.

அக்டோபர் பிறந்துவிட்டது, ஒன்றும் போடவில்லை. இந்த ஆண்டு அவ்வளவுதானா?

இல்லை. தென் மாநிலங்களில் முள்ளங்கி, வெந்தயம், கொத்தமல்லி, கடுகுக் கீரை, பசலை எல்லாவற்றையும் இன்றைக்கே விதைக்கலாம். வடக்கே பூண்டு நடுங்கள். பசலையை விதைத்து மெல்லிய பயிர்ப் போர்வை போட்டு வைத்தால் சிறு செடியாகப் பனிக்கடியில் கிடந்து மார்ச்சில் எல்லாருக்கும் முன்னால் கீரை தரும். மிச்சமிருக்கும் பாத்தியை வெறுமனே விடாமல் கோதுமையைப் போன்ற ரை என்ற தானியத்தைத் தூவுங்கள். தீவனக் கடையில் மூட்டையாகவே கிடைக்கும்; உறைபனிக்குப் பிறகும் முளைத்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும். ஏப்ரலில் அது கதிர் விடுவதற்கு முன் வெட்டி மண்ணோடு கொத்திப் புரட்டிவிட்டு, இரண்டு மூன்று வாரம் கழித்துத் தக்காளி நாற்றை நடலாம்.